நான் கழற்றிய ஐந்து நிமிடம்

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் என்னை ஆட்டோக்காரர் என்பார்கள். ஆள் ஏற்றுகிற ஆட்டோ அல்ல, விவசாய மோட்டாருக்கு மாட்டுகிற ஆட்டோ. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்து மோட்டார் ஓட மூணு பேஸ் கரண்ட் வேண்டும். அது நாள் முழுக்க வராது. சில மணி நேரம்தான் வரும், அதுவும் ஒரு வாரம் காலையில், ஒரு வாரம் மத்தியானத்தில் என்று மாறிக்கொண்டே இருக்கும். வந்தவுடன் யாராவது ஓடிப்போய் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். அந்த ஓட்டத்தை மிச்சம் பிடிப்பதற்காக வந்த சின்னப் பெட்டிதான் ஆட்டோ. கரண்ட் வந்ததும் அதுவே மோட்டாரைப் போட்டுவிடும். இருபது வருடமாக அதைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

மல்லசமுத்திரத்தைச் சுற்றி போர் லாரி எங்கெல்லாம் போய்ப் பூமியைத் துளைத்ததோ அங்கெல்லாம் பின்னாலேயே நானும் போயிருக்கிறேன். மோட்டார் இறக்குவது, கெட்டுப்போனால் மேலே தூக்குவது, எரிந்துபோன காயிலுக்குப் புதுக் கம்பி சுற்றுவது, கடைசியில் ஆட்டோ மாட்டுவது. வேலை சுத்தமாக இருக்கும், வாய்தான் கொஞ்சம் அசுத்தம். எலி ஒயரைக் கடித்திருந்தால்கூட தோட்டத்துக்காரரைத்தான் பிடித்துக்கொள்வேன். "ஏனுங்க, எலி எலும்பும் தோலுமா போயிருமுன்னு ஒயரப் போட்டு வளத்தறீங்களா?" என்பேன். அவர்கள் சிரித்துக்கொண்டே மோர் கொண்டுவந்து தருவார்கள். மாட்டி முடித்ததும் எல்லா வீட்டிலும் ஒரே வசனம்தான். "இனிமே கல்யாணப் பந்தில உக்காந்து நிம்மதியா சாப்பிடுங்க. கரண்டு வந்தா பொட்டி பாத்துக்கும்." எத்தனை வீட்டில் இதைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

என் தங்கையைக் கொடுத்த வீடு எங்கள் ஊரிலிருந்து பைக்கில் கால் மணி நேரம். அப்பா இல்லாத வீடு எங்களுடையது, அவள் கல்யாணத்தை நான்தான் முன்னால் நின்று நடத்தினேன். மாப்பிள்ளைக்குக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் கடலைக்காயும் போடுகிற தோட்டம். நாலு மாடு, ஒரு போர், ஒரு பழைய கிணறு. பாறையை வெட்டி இறக்கிய அகலமான கிணறு அது. சுற்றிலும் கைப்பிடிச் சுவர் கிடையாது. போர் போட்டபின் அதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை என்றாலும் மழைக்காலத்தில் அடியில் இரண்டு ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றுவிடும். வீட்டு வாசலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் முப்பது தப்படி இருந்தால் அதிகம்.

அவளுக்கு முதலில் பெண் குழந்தை. நடை பழகிய நாளிலிருந்து அந்தக் குட்டிக்கு ஒரே பைத்தியம், கிணற்றுப் பாறை இடுக்கில் அடைகிற புறாக்களைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் கண்ணை எடுத்தால் போதும், "பூ, பூ" என்று சொல்லிக்கொண்டு கிணற்றைப் பார்த்து நடந்துவிடுவாள். புறாவைத்தான் அப்படிச் சொல்வாள். நான் போகிறபோதெல்லாம் மாப்பிள்ளையிடம் வேலி போடச் சொல்வேன். "கடலைக்காய் எடுத்துட்டுப் பாத்துக்கலாமுங்க மச்சான்" என்பார். வாசலுக்குக் குறுக்கே ஒரு படலாவது வைத்துக் கட்டுங்கள் என்றேன். ஆட்டுக்குட்டிகளை அடைக்க மூங்கில் படல் அந்த வீட்டில் இரண்டு கிடந்தது. தங்கையின் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "விடிஞ்சா அடைஞ்சா ஊட்டு வாசல மறிச்சு வெச்சிருந்தா நல்லது எப்படி சாமி உள்ள வரும்? ஆட்டுக்குட்டியா அது, படல் வெச்சு அடைக்கறதுக்கு?" என்றார். அத்தையை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. ஊர் முழுக்கத் திட்டுகிற வாய் அந்த வீட்டு வாசலில் மட்டும் மூடிக்கொள்ளும்.

வழி கண்டுபிடித்தது தங்கைதான். மாடு கட்டுகிற கட்டுத்தரைக்குப் பின்னால், வேப்பமர நிழலில், ஒரு சிமெண்ட் தொட்டி. பெரியவர்களுக்கு இடுப்புயரம் இருக்கும். மோட்டார் ஓடினால் போர்த் தண்ணீர் நேராக அதில்தான் விழும். அதிலிருந்து மாட்டுக்கும் தென்னங்கன்றுக்கும் எடுத்து, பொழுது இறங்குவதற்குள் தொட்டி காலியாகிவிடும். மறுநாள் கரண்ட் வரும்வரை வறண்டுதான் கிடக்கும். அந்த வறண்ட நேரத்தில் தொட்டிக்குள் சாக்கு விரித்து, இரண்டு டப்பா, ஒரு கரண்டி, ஒரு பிடி கடலைக்காய் போட்டுக் குழந்தையை இறக்கிவிட்டுவிடுவாள். ஏறி வர முடியாது. பாம்பு பூச்சி வராது. கிணற்றுப் பக்கம் போகவே முடியாது.

முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை. தொட்டிக்குள்ளிருந்து கரண்டியால் சுவரைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்து அந்தக் குட்டி "மாமா" என்றாள். "ஏ அம்முணி, நீ கெட்டிக்காரிதான் போ" என்று தங்கையிடம் சொன்னேன். அதோடு விட்டேனா? வேலைக்குப் போன தோட்டங்களிலெல்லாம் சின்னக் குழந்தைகளைப் பார்க்கும்போது இந்த யோசனையை என் யோசனை மாதிரி எடுத்துவிட்டேன். "தொட்டி சும்மாத்தானுங்க கெடக்குது, அதுல எறக்கி உட்டுட்டு வேலயப் பாருங்க" என்று நாலைந்து வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

அப்போது அந்த வீட்டில் ஆட்டோ கிடையாது. ஸ்டார்ட்டர் பெட்டி தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. கரண்ட் வந்தால் மேலே ஒரு சிவப்பு லைட் எரியும். அதைப் பார்த்துவிட்டுத் தங்கையோ மாப்பிள்ளையோ வருவார்கள், முதலில் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார்கள், பிறகுதான் பொத்தானை அமுக்குவார்கள். மோட்டார் போட ஒரு ஆள் நடந்து வந்தாக வேண்டும், வருகிற ஆளின் கண் தொட்டிக்குள் விழுந்தே தீரும். அந்த நடைதான் அத்தனை நாளும் குழந்தைக்குக் காவலாக இருந்தது. அந்த நடையை மிச்சம் பிடிக்கத்தான் புரட்டாசி மாதத்தில் ஒருநாள் நான் ஆட்டோவோடு போய் இறங்கினேன்.

தங்கைக்கு அப்போதே மனசில் பட்டிருக்கிறது. நான் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று கேட்டாள். "ஏண்ணா, பாப்பா உள்ள இருக்கறப்ப கரண்டு வந்துட்டா?"

"அதெல்லாம் ஒடனே ஓடாது. லைட்டு எரிஞ்சு அஞ்சு நிமிசம் கழிச்சுத்தான் மோட்டார் எடுக்கும். லைட்டப் பாத்தீன்னா நடந்து வந்தே தூக்கிக்கலாம்" என்றேன்.

அது பொய் இல்லை. ஆட்டோவுக்குள் ஒரு டைமர் உண்டு. ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கிற அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் எடுத்தால் ஃபியூஸ் போய்விடும் என்பதற்காக வைத்தது. அவள் திரும்பவும் கேட்டாள். "அஞ்சு நிமிசம் உறுதியாண்ணா?" நான் என் வழக்கமான திமிரோடு, "உங்கண்ணன் மாட்டுனது, கடியாரம் தப்பினாலும் தப்பும், இது தப்பாது" என்றேன். அவள் சரி என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு கட்டுத்தரை ஓடு தாண்டித் தெரிகிற மாதிரி அந்த லைட்டை ஒரு கம்பத்தில் உயரமாகத் தூக்கிக் கட்டச் சொன்னாள். கட்டிக் கொடுத்தேன். கடலைக்காட்டில் எங்கே நின்றாலும் அவளுக்கு அது தெரியும்.

மூன்று வாரம் கழித்து மாப்பிள்ளை போன் செய்தார். மோட்டார் சரியாக எடுக்கவில்லை, உறுமுகிறது, தண்ணீர் வலுவாக வரவில்லை என்றார். காரணம் எனக்குத் தெரியும். சுற்றுவட்டத்தில் பாதிப் பேர் டைமரைக் கழற்றச் சொல்லி ஆட்டோ மாட்டியிருந்தார்கள். கரண்ட் வந்த நொடியே அவர்கள் மோட்டார் எடுத்துவிடும். ஐந்து நிமிடம் பொறுத்து எடுக்கிற மோட்டாருக்கு மிச்சம் மீதி வோல்டேஜ்தான். இது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம். கேட்கிறவர்கள் கேட்பார்கள், நாங்களும் ஒரு ஒயரைக் கழற்றி இன்னொன்றில் செருகிக் கொடுத்துவிடுவோம். இரண்டு நிமிட வேலை.

நான் போன நேரத்தில் தங்கை வீட்டில் இல்லை. மாப்பிள்ளை மாட்டுக்குத் தீவனம் வாங்கப் போயிருந்தார். பெட்டியைத் திறந்தேன். ஒயரை மாற்றிச் செருகினேன். நம்ம வீடு ஏன் கடைசியில் நிற்க வேண்டும், முதல் மோட்டார் நம்ம மோட்டாராக இருக்கட்டும் என்று நினைத்தேன். பாசம்தான். அந்த நேரத்தில் அந்த ஐந்து நிமிடம் எதற்காக வாக்குக் கொடுக்கப்பட்டது என்பது என் மண்டையில் வரவே இல்லை. சத்தியமாக வரவில்லை. பைக்கில் போகும்போது மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "செரி பண்ணிட்டனுங்க மாப்ள, இனிமே நல்லா எடுக்கும்" என்றேன். என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. தங்கையிடம் எதுவுமே சொல்லவில்லை. அதன்பின் கடலைக்காய் பிடுங்குகிற நாள்வரை கரண்ட் வந்த நேரத்தில் குழந்தை வீட்டுக்குள் மாமியாரிடம் இருந்ததால், மோட்டார் உடனே எடுப்பதை யாரும் கவனிக்கவில்லை.

ஐப்பசி கடைசியில் கடலைக்காய் பிடுங்கினார்கள். ஆள் கிடைக்காததால் டிராக்டரில் பூட்டிக் காய் பறிக்கிற மெஷின் வாடகைக்கு வந்திருந்தது. அந்த மெஷின் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் காதில் விழாது. மாமியார் வந்த ஆட்களுக்கெல்லாம் வீட்டில் சோறாக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை செடி பிடுங்குகிற பக்கம். தங்கை மெஷினில் செடிக்கட்டுப் போடுகிற வேலை. குழந்தை தொட்டிக்குள். அந்த வாரம் கரண்ட் மத்தியானம் வருகிற முறை. அன்றைக்கு ஏனோ பதினொரு மணிக்கே வந்துவிட்டது. எங்கோ வேலை நடந்திருக்கும், முன்னே பின்னே விடுவார்கள், அது புதிதல்ல.

அவள் ஒவ்வொரு பத்துக் கட்டுக்கும் ஒருமுறை தொட்டிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். நாலாவது முறை பார்த்தபோது குழந்தை சாக்கில் உட்கார்ந்து டப்பாவுக்குள் கடலைக்காய் போட்டுக்கொண்டிருந்ததாம். திரும்பி வந்து கட்டு எடுத்துப் போட்டுக்கொண்டே கம்பத்தைப் பார்த்திருக்கிறாள். லைட் எரிந்தது. ஐந்து நிமிடம் இருக்கிறது என்று கையில் இருந்த கட்டை மெஷினில் போட்டாள். கீழே கிடந்த இன்னொரு கட்டையும் எடுத்துப் போட்டாள். பிறகு நடந்து போனாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள், அவள் அண்ணன் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

நான் அந்த நேரத்தில் வேறு ஒரு தோட்டத்தில் மோட்டார் தூக்கிக்கொண்டிருந்தேன். போனில் மாப்பிள்ளையின் அலறல் மட்டும் கேட்டது, ஆஸ்பத்திரி என்ற ஒரு வார்த்தைதான் புரிந்தது. கிணறு என்றுதான் நினைத்தேன். வழி முழுக்க அந்தக் கிணற்றையும் வேலி போடாத மாப்பிள்ளையையும் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் தங்கை உட்கார்ந்திருந்தாள். சேலை முழுக்க ஈரம். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "லைட்டு எரிஞ்சுதுண்ணா. நான் பாத்தேண்ணா. அஞ்சு நிமிசங்கூட ஆகலயே, எப்படிண்ணா?" என்றாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. போர்க்குழாய் நாலு நிமிடம் அடித்தால் அந்தத் தொட்டியில் ஒரு முழம் ஏறிவிடும். இரண்டு வயது முடியாத குழந்தை ஒரு முழத் தண்ணீரில் வழுக்கி விழுந்தால் எழ முடியாது. கணக்கெல்லாம் தலைக்குள் ஓடியது, வாய் மட்டும் திறக்கவில்லை. அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். "விதி அம்முணி" என்றேன். என் வாயில் வந்த வார்த்தைகளிலேயே மகா கேவலமான வார்த்தை அதுதான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்று சாயங்காலம் குழந்தையைத் தோட்டத்து ஓரத்தில் அடக்கம் செய்ய எல்லோரும் போனார்கள். தாய்மாமனான நான் குழிக்கு முதல் கைப்பிடி மண் போட்டேன். போட்டுவிட்டு, யாரும் பார்க்காத நேரமாகத் திரும்பி வந்து, பெட்டியைத் திறந்து அந்த ஒயரைப் பழையபடி டைமரில் செருகி ஸ்க்ரூவை முடுக்கினேன். கை தானாகச் செய்தது. இருபது வருடப் பழக்கம். துடைத்த மாதிரி சரியாகிவிட்டது பெட்டி. இரண்டு நாள் கழித்து யாரோ ஒரு பெரியவர், "அந்த ஆட்டோ செரியா இருக்குதான்னு பாருங்கப்பா" என்று சொன்னபோது எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டினார்கள். லைட் எரிந்தது. சரியாக ஐந்து நிமிடம் கழித்து மோட்டார் எடுத்தது.

அதோடு என் தங்கையின் கதை முடிந்தது. ஐந்து நிமிடம் கழித்துத்தான் தண்ணீர் வரும் என்றால், அவள் லைட்டைப் பார்க்கும்போது அது எரிய ஆரம்பித்து ரொம்ப நேரம் ஆகியிருக்க வேண்டும். அப்படியானால் அவள் அத்தனை நேரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்த பிறகும் இரண்டு கட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள், அதை அவளே வாயால் சொன்னாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அவளுக்குக் கேட்கிற மாதிரியே பேசினார்கள். "பெத்தவளுக்குக் கடலைக்காய் பெருசாப் போச்சாட்டருக்குது" என்றார்கள். தொட்டியில் குழந்தை விளையாடுவதைப் பார்த்து நல்ல யோசனை என்று மெச்சிய அதே பெண்கள், "தொட்டிக்குள்ள கொண்டுபோயி ஆராச்சும் புள்ளய உடுவாங்களா?" என்று கேட்டார்கள். நான் பந்தலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவளும் அதை நம்பினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முதல் மாதம் அம்மா வீட்டில் இருந்தபோது தானாகவே பேசிக்கொள்வாள். "நான் பாத்துட்டுத்தாண்ணா இருந்தேன். இல்ல, பாக்காமத்தான் இருந்திருப்பேன். அஞ்சு நிமிசத்துக்கு மேல பாக்காம இருந்திருக்கறேன் பாரு." ஒவ்வொரு முறையும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

என்னால் செய்ய முடிந்த ஒன்றைச் செய்தேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நான் டைமர் கழற்றிக் கொடுத்த தோட்டங்களுக்கெல்லாம் போய்த் திரும்ப மாட்டினேன். சும்மா மாட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று, புது உத்தரவு, லைன்மேன் பார்த்தால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார் என்று புளுகினேன். திருச்செங்கோட்டில் லாரி பட்டறைகளில் பழைய ரிவர்ஸ் ஹாரன் வாங்கி வந்து, கரண்ட் வந்ததும் அந்த ஐந்து நிமிடமும் விடாமல் கத்துகிற மாதிரி தொட்டிச் சுவரிலேயே பொருத்தினேன். ஜனங்கள் சிரித்தார்கள். "ஏனுங்க, கடலைக்காட்டுக்குள்ள லாரி பின்னால வருதுங்களா?" என்று ஒரு கிழவர் கேலி பேசினார். பேசட்டும் என்று விட்டேன். தொட்டியின் அடியில் ஒரு துளை போட்டு, தேவைப்படும்போது மட்டும் அடைக்கச் சொன்னேன். வாசலில் படல் கட்டச் சொல்லி வீடு வீடாகக் கெஞ்சினேன். பாதிப் பேர் கட்டினார்கள், பாதிப் பேர் என் தங்கையின் மாமியார் சொன்னதையே வேறு வார்த்தையில் சொன்னார்கள். அங்கன்வாடிக்கு அனுப்புங்கள், அனுப்ப முடியாத சின்னக் குழந்தைக்குத் தோட்ட வேலை நேரத்தில் ஒரு ஆளை ஒதுக்குங்கள், வேறு வேலையே கொடுக்காத ஒரு ஆளை, என்று சொல்வேன். நாங்கள் காலம் முழுக்கக் கிணற்றுக்குத்தான் பயந்தோம். ஒரு முழத் தண்ணீருக்கு யாரும் பயப்படவில்லை.

இதையெல்லாம் ஓடி ஓடிச் செய்தேனே தவிர, கால் மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு வீட்டுக்குப் போய் ஒரு வாக்கியம் சொல்லவில்லை.

அடுத்த வருடம் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். குழந்தை மாமியாரின் மடியில் இருந்தது. அடுத்தமுறை போனபோதும் மாமியாரின் இடுப்பில்தான் இருந்தது. பால் கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் தங்கையின் கையில் கொடுப்பார், குடித்து முடித்ததும் வாங்கிக்கொள்வார். குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அவர்தான். மாமியார் கெட்டவர் அல்ல. பேத்தியைப் பறிகொடுத்தவர், பேரனைப் பறிகொடுக்கப் பயந்தார். என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "உங்க தங்கச்சியக் கொற சொல்றதுக்கில்ல சாமி. ஆனா இவள நம்பி ஒரு நொடி உட எனக்கு மனசு வரமாட்டீங்குது." தங்கை அடுப்படியில் நின்று காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு நான் வந்துவிட்டேன்.

என்னைப் பேச வைத்தது வேறு ஒரு வீடு. போன சித்திரையில் ஒரு மோட்டார் வேலைக்கு, நான் பல நாள் போகாமல் விட்டிருந்த ஒரு தோட்டத்துக்குப் போனேன். தொட்டிக்குள் குழந்தைச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்றரை வயதுப் பையன், சாக்கு விரிப்பு, இரண்டு டப்பா.  அவனைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாவைப் பார்த்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். அறிவிருக்கா, புள்ளயா புண்ணாக்கா என்று என்னென்னவோ கேட்டேன். அந்தப் பெண் பயந்து போய் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்கதானுங்க மூத்தவன் சின்னப் புள்ளயா இருந்தப்ப வந்து சொன்னீங்க. உங்க தங்கச்சி ஊட்டுல அப்படித்தான் வெச்சிருக்கறாங்க, அதுதான் பாதுகாப்புன்னு சொன்னீங்களே."

பையனை அவள் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே தொட்டித் திண்டில் உட்கார்ந்துவிட்டேன்.  அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பயந்தபடியே, "ஏனுங்க, உங்க தங்கச்சி புள்ள நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். அவளுக்குச் செய்தியே தெரிந்திருக்கவில்லை. முதல்முறையாக ஒரு ஆளிடம் முழுதாகச் சொன்னேன். ஒயர் கழற்றியது, திரும்ப மாட்டியது, எல்லாம். அவள் பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "உங்க தங்கச்சிக்குத் தெரியுமுங்களா?" என்றாள். நான் வேலையைத் தொடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன்.

உச்சி வெயில் நேரம். மாப்பிள்ளை சாப்பிட்டு முடித்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாமியார் பேரனை மடியில் வைத்து விசிறிக்கொண்டிருந்தார். தங்கை தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். "வாங்க மச்சான், சாப்புடுங்க" என்றார் மாப்பிள்ளை. நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"அன்னிக்கு லைட்டு எரிஞ்ச ஒடனே தண்ணி வந்துருச்சுங்க மாப்ள. அஞ்சு நிமிசமெல்லாம் இல்ல. வோல்டேஜ் வரலன்னு நீங்க சொன்னீங்கல்ல, அன்னிக்கு நான்தான் டைமரக் கழட்டிட்டேன். யாருக்கும் சொல்லல. பொதைச்ச அன்னிக்குத் திரும்ப மாட்டிட்டேன். எங்க அம்முணி மேல ஒரு தப்பும் இல்லீங்க அத்தை. அவ லைட்டப் பாத்ததும் சரி, வந்ததும் சரி. நான் சொன்னத நம்பி நடந்து வந்தா, அவ்வளவுதான்."

 விசிறி நின்றுவிட்டது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல், "அந்த மாசம் தண்ணி நல்லா வருதுன்னு சந்தோசப்பட்டனே மச்சான்" என்றார். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் எழுந்து காட்டுப் பக்கம் போய்விட்டார்.  மாமியார் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் எழுந்து, பேரனைத் தூக்கிக்கொண்டு தங்கையிடம் போனார். அவள் கை ஈரமாக இருந்தது. அதைத் தன் சேலை முந்தானையால் துடைத்துவிட்டு, குழந்தையை அவள் கையில் வைத்தார். "வெச்சுக்க சாமி" என்றார். 

தங்கை குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். என் பக்கம் திரும்பினாள். அவள் அழுவாள், அல்லது என் சட்டையைப் பிடிப்பாள் என்று நின்றேன். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"ஒயரு கழட்டுனது தெரியாமச் செஞ்சதுண்ணா. எங்கூட்டுக்கு நல்லது செய்யறன்னுதான் செஞ்ச. அத நான் என்னிக்காச்சும் மறந்துருவேன். நான் பாக்கல, நான் பாக்கலன்னு அம்மா ஊட்டுல மாசம் முழுக்க ஒம் முன்னாடி ஒக்காந்து பொலம்புனனே, அப்ப நீ எந்திரிச்சு எந்திரிச்சு வெளிய போன பாரு, அத எப்படிண்ணா மறக்கறது?"

சொல்லிவிட்டுக் குழந்தையோடு உள்ளே போனாள். நான் வாசலில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். மாமியார் சாப்பிடச் சொல்லவில்லை. தங்கை அதன்பின் என்னிடம் பேசவில்லை. பையன் இப்போது நடக்கிறான், எந்நேரமும் அவள் இடுப்பில்தான் இருக்கிறான் என்று அம்மா சொல்கிறாள்.